வலப்பக்கம் ஒரு பூனை

அந்தப் பதிவுக் கருவிக்கு அடியில் ஒரு கைக்குட்டையை நாலாக மடித்து வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் மின்விசிறியின் உறுமலும் சேர்ந்து விழும். பிறகு கேட்கிறவர்களுக்கு நான் ஏதோ மில்லுக்குள் உட்கார்ந்து பேசியது போலிருக்கும். நான் வேலை செய்கிற இடத்திலும் இதே கருவிதான். சிவப்புப் புள்ளி எரிந்தால் ஓடுகிறது என்று அர்த்தம். எரிகிறது. நல்லது.

இவள் இவ்வளவு நிதானமாக இருக்கிறாளே என்று நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதைக் கவனித்தேன். யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று கவனிப்பது என் பிறவிக் குணம். எங்கள் குடியிருப்பில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கொஞ்சம் கூட்டியே சொல்வார்கள். என் நிதானத்துக்குக் காரணம் இருக்கிறது. என் தங்கை நிம்மதியாகப் போனாள். நான் அவளுக்கு நல்லதே செய்தேன். என் மூச்சு சீராக இருக்கிறது.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஹிப்னோதெரபி என்று வாசலில் பலகை மாட்டிய டாக்டரம்மாவிடம் பதினோரு வருஷமாக வரவேற்பு மேசையில் இருக்கிறேன். கடிகாரத்தை ஊஞ்சல் மாதிரி ஆட்டி, ஆளைக் கோழியாகக் கூவ வைக்கிற வேலை என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் இன்னமும் உண்டு. அங்கே ஒரு சாய்வு நாற்காலி, ஒரு போர்வை, ஒரு ஜன்னல் திரை, அவ்வளவுதான். டாக்டரம்மா பத்திலிருந்து ஒன்று வரை பின்னோக்கி எண்ணுவார். மனசு இளகிய நேரத்தில் நல்ல வார்த்தை நாலு சொல்வார். வருகிறவர்களும் பெரிய பைத்தியங்கள் இல்லை. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கும் வங்கி மேலாளர், சுண்ணாம்புக்கட்டி தின்னும் வாத்தியாரம்மா, கதவு பூட்டினோமா என்று பதினேழு முறை திரும்பிப் பார்க்கும் தையல்காரர். விடமுடியாத பழக்கங்கள். அவற்றை விடவைக்கிற இடம் அது.

அங்கே கேட்பதை வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதை ஒருநாளும் மீறியதில்லை. வீட்டில் தங்கையிடம் சொன்னேன். வீட்டுக்குள் சொல்வது வெளியே சொல்வது ஆகாது.

சாயங்காலம் ஆறு மணிக்கு நாலு மாடி ஏறி வருவேன். அவள் இரண்டு டம்ளரில் டீ போட்டு வைத்திருப்பாள். நான் ஆரம்பித்தால் எட்டு வரை. அவள் நகத்தைக் கடித்துக்கொண்டே கேட்பாள். "அப்புறம்?" என்பாள். "அய்யய்யோ, அந்த ஆளா அக்கா?" என்பாள். எனக்கு ஐம்பத்தி மூன்று, அவளுக்கு நாற்பத்தி நாலு. இருபது வருஷமாக எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஊரில் எனக்குத் தெரிந்தவர்கள் ஐந்நூறு பேர் இருக்கலாம். நான் பேசினால் கேட்கிறவள் அவள் ஒருத்தி. இதை நீங்கள் அடிக்கோடிட்டு எழுதிக்கொள்ள வேண்டும். மற்றதெல்லாம் இதிலிருந்து வந்ததுதான்.

போன வருஷம் டாக்டரம்மாவுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை. குரல் பாதியாகிவிட்டது. நாற்காலியில் இருப்பவரிடம் மெல்லப் பேசிவிடுவார். ஆனால் எங்கள் முறையில் ஒவ்வொருவருக்கும் ஒரு ஒலிப்பதிவு கொடுத்தனுப்ப வேண்டும். வீட்டில் தினம் ஒரு தடவை, இருபத்தோரு நாள் கேட்க வேண்டும். இருபத்தோரு நாளில் வார்த்தை உடம்புக்குள் இறங்கிவிடும் என்பது டாக்டரம்மாவின் கணக்கு. அதைப் பதிவு செய்ய ஒரு குரல் வேண்டியிருந்தது. அவர் எழுதிக் கொடுப்பார், நான் வாசிப்பேன்.

என் குரலுக்கு அப்படி ஒரு ராசி இருப்பது எனக்கே தெரியாது. ஆறு மாதத்தில் கடைத்தெருவில் நடக்க முடியவில்லை. காய்க்காரரிடம் "மெதுவா எடைய போடுங்க" என்றேன், பக்கத்தில் நின்ற வங்கி மேலாளருக்குக் கண் சொருகிவிட்டது. சிரிக்கலாம் நீங்கள், தப்பில்லை.

சொல்கிற வாக்கியங்களுக்கு விதி உண்டு. சின்னதாக இருக்க வேண்டும். உடம்பு அதில் வர வேண்டும். ஒரு எழுத்து மாறாமல் குறைந்தது மூன்று முறை சொல்ல வேண்டும். சொல்லும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தொட்டுக்கொள்ள வேண்டும். பிற்பாடு அந்த விரல்களைச் சேர்த்தாலே போதும், வார்த்தை தானாக வந்து வேலை செய்யும். இன்னொன்றும் டாக்டரம்மா ஓயாமல் சொல்வார்: "ஒரு பழக்கத்தை எடுத்தா அந்த இடம் சும்மா இருக்காது. வேற ஒண்ணு வந்து உக்காந்துக்கும். எது உக்காரணும்னு நாமதான் சொல்லணும்." நான் ஐந்நூறு தடவை கேட்ட பாடம். சொந்த வீட்டில் மறந்துபோயிற்று.

தங்கையின் நகங்களைப் பார்க்கச் சகிக்காது. விரல் நுனியெல்லாம் ரத்தம் கட்டியிருக்கும். நான்தான் அவளை அழைத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா ஐந்து எண்ணுவதற்குள் அவள் கை தானாக மிதந்து மேலே போயிற்று. "நூத்துல ஒருத்தர் ரெண்டு பேர்தான் இப்படி. இவங்ககிட்ட பார்த்துப் பேசணும்," என்றார் டாக்டரம்மா. மூன்று வாரத்தில் நகம் வளர்ந்தது. அந்த மூன்று வாரத்தில், வெளியே காத்திருக்கும் பெஞ்சில், சிகரெட்டை விட வந்த ஒரு மனிதரின் பக்கத்தில் அவளை உட்கார வைத்ததும் நான்தான். மின்விசிறிக் காற்று வரும் இடம் என்று பார்த்து உட்கார வைத்தேன்.

அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். மனைவியை இழந்தவர். நாள் பூராவும் மற்றவர்களின் லிஃப்டுகளுக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பதால், தான் மட்டும் தரைத்தளத்தில் குடியிருப்பவர். லிஃப்ட் இல்லாத எங்கள் கட்டடத்தில் நாலு மாடி ஏறி மூச்சு வாங்க வந்து நின்று, "உங்க குரலைக் கேட்டாலே எனக்குக் கொட்டாவி வருதுக்கா, கோச்சுக்காதீங்க," என்பார். நல்ல மனிதர். அவர் கெட்டவர் என்று நான் எங்கும் சொல்லவில்லை.

நகம் கடித்த இடத்தில் வந்து உட்கார்ந்தது அவருடைய தொலைபேசி அழைப்பு. சாயங்காலம் ஆறு மணிக்கு.

தையல்காரரின் மனைவி வீட்டை விட்டுப் போன செய்தி அந்த வாரம் என்னிடம் இருந்தது. முழு விவரத்தோடு, எந்தப் பெட்டி, எந்த வண்டி என்பது வரை. தங்கை அறைக் கதவை ஒருக்களித்து மூடிக்கொண்டு போனில் சிரித்துக்கொண்டிருந்தாள். டீ ஆறியது. மூன்று நாள் அந்தச் செய்தியை வாயிலேயே வைத்திருந்தேன். நாலாம் நாள் சமையலறைச் சுவரைப் பார்த்துச் சொல்லி முடித்தேன். நடுவில் நானே "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டேன். அதை என் காதாலேயே கேட்டேன். அன்றுதான் பயம் என்றால் என்னவென்று தெரிந்தது.

பிறகு அவளுக்கு வலி வந்தது. வலப்பக்கம், விலா எலும்புக்குக் கீழே. வந்தால் சுருண்டுவிடுவாள். பக்கத்து அறையில் நான் இருக்க, அவருக்குத்தான் போன் போடுவாள். அவர் பழுது பார்க்கிற லிஃப்டை அந்தரத்தில் விட்டுவிட்டு ஓடி வருவார். அவர்தான் ஸ்கேனுக்கு அழைத்துப் போனார். பித்தப்பையில் கல். ஆபத்தில்லாத அறுவைதான், ஆனால் செய்தே ஆகவேண்டும் என்று மருத்துவமனையில் கடிதம் கொடுத்து, ஐந்து வாரம் தள்ளித் தேதியும் கொடுத்தார்கள்.

"ஆபரேஷன் முடிஞ்சு நாலு மாடி எப்படி ஏறுவா? எங்க வீட்டுல இருக்கட்டும்க்கா. அப்படியே கல்யாணத்தையும் பதிவு பண்ணிடலாம்," என்றார்.

"நீயும் வந்துடேன் அக்கா, ஞாயித்துக்கிழமைல," என்றாள் தங்கை.

ஞாயிற்றுக்கிழமைகளில். நான் சிரித்துக்கொண்டு சரி என்றேன். வாரம் முழுவதும் சேர்த்ததை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் கொட்ட முடியுமா என்று மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முடியாது. அதுவும் அந்த மனிதர் கொட்டாவி விட்டுக்கொண்டு பக்கத்தில் இருக்கும்போது.

தேதி வரும்வரை வலியைத் தாங்க டாக்டரம்மா ஏதாவது பதிவு கொடுப்பாரா என்று கேட்டது அவளேதான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் கேட்டுப் பார்த்தேன். டாக்டரம்மா தலையாட்டி மறுத்தார். "சர்ஜன் சம்மதிச்சு எழுதிக் குடுக்காம வயித்து வலியைத் தொடமாட்டேன். அது உள்ள இருந்து கதவைத் தட்டுற சத்தம். காதைப் பொத்திக்கிட்டா தட்டுறவன் போயிடுவானா?"

வலிக்கான வாசகம் அலமாரியில் இருந்தது. வருஷக்கணக்காக முதுகுவலியோடு இருப்பவர்களுக்கு, அவர்களுடைய வைத்தியர் கடிதம் கொடுத்த பிறகு தருவது. மதியம் டாக்டரம்மா சாப்பிடப் போன முக்கால் மணி நேரத்தில் அதை எடுத்து, முதுகு என்ற இடங்களில் வலப்பக்கம் என்று மாற்றி, வாசித்துப் பதிவு செய்தேன். உங்கள் வலப்பக்கத்தில் ஒரு பூனை சுருண்டு படுத்திருக்கிறது. வெதுவெதுப்பான பூனை. அது தூங்குகிறது. அது தூங்கும்போது நீங்களும் நிம்மதியாக இருக்கிறீர்கள். டாக்டரம்மாவுக்கு நன்றாகத்தான் எழுத வரும். டாக்டரம்மா கொடுத்ததாகத் தங்கையிடம் சொன்னேன்.

நாலே நாளில் வலி போயிற்று. போயிற்று என்றால், அவள் அவருக்குப் போன் போடவில்லை. ஆறு மணிக்கு வயிற்றில் கை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பூனை தூங்குது அக்கா," என்று சிரித்தாள். தையல்காரர் மனைவியின் கதையை முதலிலிருந்து சொன்னேன். "அய்யய்யோ," என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த வாரம் அதே பதிவில் ஒரு வாக்கியம் சேர்த்தேன். உடம்பு தன்னைத் தானே சரிசெய்துகொள்கிறது, உங்கள் வீடு உங்களுக்குப் போதுமானதாக இருக்கிறது. யாரையும் திட்டவில்லை, யாரையும் வெறுக்கச் சொல்லவில்லை. அவளே மருத்துவமனைக்குப் போன் செய்து தேதியைத் தள்ளிப்போட்டாள். பிறகு இன்னொரு முறை தள்ளிப்போட்டாள். கல்யாணப் பதிவையும்.

லிஃப்ட்காரர் வந்து வாசலில் நின்று கத்தினார். "வலி நின்னா கல்லு கரைஞ்சுடுச்சுன்னு அர்த்தமா? அது என்ன கல்கண்டா?"

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க. அக்கா இருக்கா," என்றாள் தங்கை. அந்த இரண்டு வார்த்தை அந்தப் பதிவில் இல்லை. அவளாகச் சொன்னது.

டாக்டரம்மா எப்போதும் சொல்வார், மனசுக்குப் பிடிக்காத எதையும் இந்த முறையில் ஒருவரைச் செய்யவைக்க முடியாது என்று. அப்படியென்றால் என்ன அர்த்தம்? அவள் இருந்தாள், அவளுக்குப் பிடித்திருந்தது. என் தங்கை நிம்மதியாகப் போனாள். நான் அவளுக்கு நல்லதே செய்தேன். என் மூச்சு சீராக இருக்கிறது.

மன்னிக்கவும். அவள் போன கட்டம் இன்னும் வரவில்லை. வரிசையாகச் சொல்கிறேன்.

மூன்று மாதம் நாங்கள் நன்றாக இருந்தோம். எங்கள் இடத்தில் தொந்தரவு நின்றுவிட்டால் 'குணம்' என்று முத்திரை குத்திக் கோப்பை மூடிவிடுவோம். பதினோரு வருஷத்தில் எத்தனை கோப்பு மூடியிருப்பேன். தங்கையையும் அப்படித்தான் மனசுக்குள் மூடி வைத்தேன். இடையில் அவள் சாப்பாடு குறைந்தது. கண்ணின் வெள்ளை மஞ்சளாகத் தெரிந்தது. ஜன்னல் திரையின் நிறம் அடிக்கிறது என்று அந்தத் திரையைக் கழற்றித் துவைக்கப் போட்டேன். கண் மஞ்சளாகவே இருந்தது.

ஒரு திங்கட்கிழமை குளிரும் காய்ச்சலும் வந்தது. நான் விடுப்பு எடுத்துக்கொண்டேன். லிஃப்ட்காரர் செவ்வாயும் புதனும் வந்து கதவைத் தட்டினார். தூங்குகிறாள் என்று சங்கிலியைக் கழற்றாமல் இடுக்கு வழியாகச் சொன்னேன். பொய் இல்லை. பதிவைப் போட்டால் தூங்குவாள். என் குரலில் அவருக்கும் கொட்டாவி வந்தது, வாயைப் பொத்திக்கொண்டு இறங்கிப் போனார். புதன்கிழமை சாயங்காலம் அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். பலகை மாதிரி இருந்தது. அழுத்தினேன். அவள் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. அதைப் பார்த்து எனக்குள் ஏதோ ஒன்று எழுந்து ஓடப்பார்த்தது. மருத்துவமனை நம்பர் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது. அதன் எதிரில் போய் நின்றேன். கூப்பிட்டால் அவர்கள் கேட்பார்கள், இவ்வளவு நாள் எப்படித் தாங்கினாள் என்று. அவளும் கேட்பாள். கேட்டுவிட்டுத் தரைத்தளத்துக்குப் போய்விடுவாள், ஞாயிற்றுக்கிழமைகூட இருக்காது. கதவைத் திறந்து தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

வியாழன் மதியம் மூன்றரை மணிக்கு அவள் கண்ணைத் திறந்தாள். முழுசாக விழித்திருந்தாள். பல நாளாக அப்படி ஒரு பார்வையை நான் பார்க்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தாள். நல்ல நகம், அழகாக வளர்ந்திருந்தது, தோலில் பதிந்தது.

"அக்கா, பூனை முழிச்சுடுச்சு," என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள்.

"இல்லடி, தூங்குது. கேளு," என்றேன். அவள் போனின் இயர்போனைக் காதில் வைத்து, பதிவை மறுபடி போட்டேன். பத்து, ஒன்பது, எட்டு. பிடி தளர்ந்தது. ஐந்து மணிக்கு முன்னால் மூச்சு நின்றது. என் தங்கை நிம்மதியாகப் போனாள். நான் அவளுக்கு நல்லதே செய்தேன். என் மூச்சு சீராக இருக்கிறது.

பித்தப்பை வெடித்து உள்ளெல்லாம் பரவியிருந்தது என்று மருத்துவமனையில் சொன்னார்களாம். இப்படி ஒரு வலியோடு ஒரு மனுஷி எப்படிக் கத்தாமல் படுத்திருந்தாள் என்று அவர்களுக்கே புரியவில்லையாம். லிஃப்ட்காரருக்குப் புரிந்தது. அவள் போனை எடுத்துப் போய் அந்தப் பதிவைக் கேட்டிருக்கிறார். முதல் தடவை கேட்கும்போது பாதியிலேயே தூங்கிவிட்டாராம், பாவம். அடுத்த நாள் நின்றுகொண்டே கேட்டு முடித்து, அதை ஸ்டேஷனுக்கு, உங்களிடம் கொண்டுவந்தார். அந்த மனிதரை நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அவரும் அவளுக்காகத்தான் நாலு மாடி ஏறினார்.

நேற்று டாக்டரம்மாவின் மூல வாசகத்தை என்னிடம் காட்டி, அதில் முதல் பத்தி என் பதிவில் ஏன் இல்லை என்று கேட்டீர்கள். மறந்துவிட்டேன் என்றேன். அதைத் திருத்திக்கொள்ள வேண்டும். வலி வாசகம் எல்லாவற்றுக்கும் தலையில் டாக்டரம்மா சிவப்பு மையில் எழுதி வைத்திருப்பார், இது இல்லாமல் யாருக்கும் பதிவு தரக்கூடாது என்று. காய்ச்சல் வந்தாலோ, உடம்பில் புதிதாக ஏதாவது தெரிந்தாலோ, நீங்கள் முழுமையாக விழித்துக்கொள்கிறீர்கள், உடனே வைத்தியரிடம் போகிறீர்கள். இரண்டு வரி. வாசித்தால் பத்து விநாடி. வங்கி மேலாளரின் மாமியாருக்கு வாசித்தேன், ஓய்வுபெற்ற தபால்காரருக்கு வாசித்தேன். அந்த மதியம் கருவியை ஓடவிட்டு அந்த இரண்டு வரியையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதிவின் ஆரம்பத்தில் பத்து விநாடி சும்மா இருக்கும், கேட்டுப் பாருங்கள். அந்த நேரம்தான் அது. வாசித்தால் ஒருநாள் விழித்துக்கொண்டு போய்விடுவாள் என்று தெரியும். வாசிக்காவிட்டால் என்ன ஆகும் என்றும் தெரியும். பிறகுதான் பத்து என்று எண்ண ஆரம்பித்தேன்.

அந்த வரி இல்லாமலே அவள் விழித்தாள். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதற்கு மேல் ஒருத்தி என்ன செய்ய முடியும்? நான் மறுபடி தூங்கவைத்தேன். கொன்றேன் என்று எழுத வேண்டுமானால் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு கோரிக்கை. நான் விரல்களை ஏன் இப்படிச் சேர்த்துப் பிடித்திருக்கிறேன் என்று இவர் இரண்டு முறை கேட்டார். எனக்கு நானே ஒரு பதிவு செய்துகொண்டேன், அடக்கம் முடிந்த மறுநாள். மூன்றே வாக்கியம். சின்ன வாக்கியங்கள், உடம்பும் வருகிறது. பதினெட்டு நாள் விடாமல் கேட்டேன். என் போனை நீங்கள் எடுத்துக்கொண்டதால் இன்றைக்குக் கேட்கவில்லை. இன்று பத்தொன்பதாவது நாள். ஒருநாள் விட்டாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், மறுபடி முதல் நாளிலிருந்து என்னால் முடியாது. காலையிலிருந்து என் மணிக்கட்டில் அவள் நகம் பதிந்த இடம் எரிகிறது. போன் வேண்டாம். இந்தக் கருவியிலேயே மூன்று இடத்தில் அதைச் சொல்லி வைத்திருக்கிறேன், ஒரு எழுத்து மாறாமல். இன்றைக்கும் நாளைக்கும் நாளை மறுநாளும் அந்த மூன்று இடத்தை மட்டும் போட்டுக் காட்டினால் போதும்.

இருபத்தோரு நாள் நிறைந்து, வார்த்தை உடம்புக்குள் இறங்கிய பிறகு வந்து கேளுங்கள். என் தங்கை எப்படிப் போனாள் என்ற கேள்விக்கு, அன்றைக்கு நான் உண்மையைச் சொல்வேன்.